ஒரு பாணும் இரண்டு மெழுகுதிரித் தண்டுகளும்



இப்பக்கத்தில் வழமையாக உதவித் திட்டங்கள், பிள்ளைகளின் கல்வி, நமது சட்ட உரிமைகள் என்பன பற்றியே கதைத்து வருகின்றோம். இம்முறை ஒரு நாவலைப் பற்றி எழுதுகின்றேன். “வாழ்க்கையே பெரிய கதையாகக் கிடக்கும்போது கதைப்புத்தகம் எதற்கு?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அநீதி என்பது ஒருவருக்கு நடந்து முடிவதோடு நின்றுவிடுவதில்லை. அதை யார் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்கிச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே உலகம் அதை நம்புகிறது அல்லது நம்ப மறுக்கிறது. நல்ல நாவலாசிரியர் ஒருவர் கையாளும் உத்திகள் வெறும் அலங்காரமல்ல. அவை நமது கண்ணை ஒரு பக்கம் திருப்பும் கைகள் எனலாம். அந்தக் கைகளை அடையாளம் காணப் பழகிவிட்டால், பிறர் நம்மைப் பற்றிச் சொல்லும் கதைகளிலும் எந்தக் கை எங்கே வேலை செய்கிறது என்பது தெரிய வரும்.

நான் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லே மிசராப்ல’ என்ற நாவல். தமிழில் இதைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தந்தார். 1950இல் அதே பெயரில் திரைப்படமாகவும் வெளிவந்தது. நாகையா கதாநாயகனாக நடித்த அப்படத்தில், விடாது துரத்தும் பொலிஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், பின்னர் வாழ்நாள் முழுவதும் ‘ஜாவர் சீதாராமன்’ என்றே அறியப்பட்டார். நமது அம்மம்மாமாரில் சிலர் இக்கதையைத் திரையில் பார்த்து அழுதிருப்பார்கள்.

எழுதியவரும் காலமும்

ஹியூகோ 1802இல் பிறந்தவர். 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பரிஸ் நகர வீதியொன்றில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். நன்கு உடுத்திய இளைஞன் ஒருவன், தெருவில் நின்ற ஏழைப் பெண்ணொருத்தியின் முதுகுச் சட்டைக்குள் பனிக்கட்டியைத் திணித்தான். அவள் திருப்பி அடித்தாள். பொலிசார் வந்து அவளைத்தான் பிடித்துச் சென்றனர். ஹியூகோ பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, தான் கண்டதை வாக்குமூலமாகக் கொடுத்துக் கையொப்பமிட்ட பின்னரே அவள் விடுவிக்கப்பட்டாள். 1846இல், பாண் திருடியதற்காக ஒரு மனிதன் படையினரால் இழுத்துச் செல்லப்படுவதையும் அவர் பார்த்தார். இவ்விரு காட்சிகளும் பின்னர் நாவலுக்குள் வந்தன.

1845இல் தொடங்கிய எழுத்து 1848 புரட்சியோடு தடைப்பட்டது. ஆட்சியைக் கைப்பற்றிய லூயி நெப்போலியனை எதிர்த்ததால் 1851இல் ஹியூகோ நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கேர்ன்சி என்ற சிறு தீவில் அகதியாக வாழ்ந்த காலத்திலேயே இந்நாவலை எழுதி முடித்தார்.

நாவலின் முன்னுரையில் தன் நூற்றாண்டின் மூன்று பிரச்சினைகளை அவர் சுட்டுகிறார். வறுமை ஆணைத் தாழ்த்துவது, பசி பெண்ணை வீழ்த்துவது, இருள் பிள்ளையை வளரவிடாது செய்வது என்பன அவை. இம்மூன்றுக்கும் கதையில் மூன்று முகங்கள் உண்டு: ழான் வல்ழான், ஃபன்ரீன், அவளது மகள் கொசெத். ஐந்து பாகங்களில் முதலிரண்டு பாகங்களும் அவ்விரு பெண்களின் பெயர்களைத் தாங்கியிருப்பது குறிப்பிடத்தக்கது.

நாவலின் தலைப்பிலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘பாவப்பட்டவர்கள்’ என்றும் பொருள், ‘கேடுகெட்டவர்கள்’ என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்து, துன்பப்பட்டவர் எந்த இடத்தில் கெட்டவராக மாறினார், மாற்றியது யார் என்ற கேள்வியை அவர் முதற் பக்கத்துக்கு முன்னரே எழுப்பிவிடுகிறார்.

எங்கிருந்து தொடங்குவது?

வழக்குப் பதிவேடு ஒன்றில் வல்ழானின் கதை இப்படித்தான் இருக்கும்: 1795இல் பேக்கரியின் கண்ணாடியை உடைத்துப் பாண் திருடினான், 5 வருடக் கடூழியச் சிறை, தப்பியோட முயன்றதால் தண்டனை கூடியது, 19 வருடங்களின் பின் 1815இல் விடுதலை, ஆபத்தானவன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆயினும் இதை வாசிப்பவர் ஒரு குற்றவாளியை மட்டுமே காண்பார்.

ஹியூகோ அப்படித் தொடங்கவில்லை. முதலில் தீன் நகரத்து ஆயரின் எளிய வாழ்க்கையைப் பல அத்தியாயங்களில் ஆறுதலாகச் சொல்கிறார். பிறகு ஒரு மாலைப்பொழுதில் பெயர் தெரியாத ஒருவன், தூசி படிந்த காலோடு ஊருக்குள் நுழைகிறான். பணம் கொடுக்கத் தயாராக இருந்தும் விடுதிகள் கதவைச் சாத்துகின்றன. வீடொன்றில் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. நாய்க்கூண்டுக்குள் படுக்கப் போனால் நாயும் துரத்துகிறது. இவ்வளவையும் அவனோடு நடந்து பார்த்த பின்னரே அவன் யார், என்ன செய்தான் என்பது நமக்குச் சொல்லப்படுகிறது. கணவனை இழந்த அக்காவும் அவளது ஏழு பிள்ளைகளும் அவனது உழைப்பில் தங்கியிருந்தார்கள். மரக்கிளை வெட்டும் பருவத்தில் நாளுக்கு 24 சூ கூலி. அந்தக் கடும் மாரியில் வேலையில்லை. வீட்டில் பாண் இல்லை.

நிகழ்வுகளின் வரிசையை மாற்றியதுதான் இங்குள்ள உத்தி. குற்றம் முதலில் வந்தால் மனிதன் பின்னால் மறைந்துவிடுகிறான். மனிதன் முதலில் வந்தால், குற்றம் அவன் வாழ்வின் ஒரு பகுதியாக மட்டும் சுருங்குகிறது. உங்கள் கதையை ஓர் அலுவலகத்தில் சொல்லும்போது “எந்தத் திகதியில் என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கோ” என்று இடைமறிப்பார்களல்லவா? அங்கே வெட்டப்படுவது நேரம் மட்டுமல்ல, உங்கள் முகமும்தான்.

வல்ழானின் கையில் இருந்த மஞ்சள் நிறப் பயண அனுமதிப் பத்திரத்தையும் இங்கு நோக்கவேண்டும். தண்டனை முடிந்த பின்னரும் போகுமிடமெங்கும் நகர அலுவலகத்தில் அதைக் காட்ட வேண்டும். அதில் எழுதியிருப்பதைக் கண்டதும் கதவுகள் மூடும். ஒரு துண்டுக் கடதாசி ஒரு மனிதரை விடப் பெரிதாவது எப்படி என்பதைப் பாஸ் நடைமுறைக் காலத்தில் வவுனியாவைக் கடந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எண்கள் சொல்லும் கதை

இந்நாவலில் அழுகையை வரவழைக்கும் பகுதி ஃபன்ரீனுடையது. ஆனால் ஹியூகோ அங்கே கண்ணீரை விடக் கணக்கையே அதிகம் எழுதுகிறார். நீங்களும் என்னோடு அந்தக் கணக்கைப் பாருங்கள்.

தாய் தந்தை யாரென்று தெரியாமல் தெருவில் வளர்ந்த ஃபன்ரீனை ஒரு மாணவன் காதலித்து, குழந்தையையும் கொடுத்துக் கைவிட்டுவிடுகிறான். வேலை தேடிச் சொந்த ஊருக்குப் போகும் வழியில், மொன்பெர்மேயில் விடுதி நடத்தும் தெனாடியே தம்பதியிடம் மூன்று வயதுகூட நிரம்பாத மகளை ஒப்படைக்கிறாள். மாதம் 7 பிராங் பேச்சு. ஆறு மாதத்துக்கான 42 பிராங்கும் மேலதிகமாக 15 பிராங்கும், ஆக 57 பிராங்கை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். பிறகு 7, 12 ஆகிறது. 12, 15 ஆகிறது.

தொழிற்சாலை வேலை போன பின்னர் ஃபன்ரீன் படைவீரருக்குச் சட்டை தைக்கிறாள். நாளுக்கு 12 சூ வருமானம். 20 சூ ஒரு பிராங். மகளுக்கு மட்டும் நாளுக்கு 10 சூ வேண்டும். எஞ்சுவது 2 சூ. பின்னர், சிறைக்கைதிகளைக் குறைந்த கூலிக்குத் தைக்கவைக்கும் ஒப்பந்தக்காரன் ஒருவனால் வெளியில் தைக்கும் பெண்களின் கூலியும் விழுகிறது. 17 மணித்தியாலம் தைத்தால் 9 சூ. அதாவது தாயின் முழு நாள் உழைப்பு பிள்ளையின் ஒரு நாள் செலவுக்கே போதவில்லை. இவ்விடத்தில் எந்த வில்லனும் வாளோடு வரவில்லை. ஒன்பது பத்தை விடச் சிறியது என்ற கணக்கே வில்லன்.

இதற்கிடையில் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. குளிருக்கு உடுப்பில்லை, கம்பளிப் பாவாடைக்கு 10 பிராங் வேண்டும் என்கிறது ஒன்று. ஃபன்ரீன் தன் பொன்னிறக் கூந்தலை 10 பிராங்குக்கு விற்றுப் பாவாடை வாங்கி அனுப்புகிறாள். பணத்தை எதிர்பார்த்திருந்த தெனாடியே குடும்பம் ஆத்திரப்பட்டு அதைத் தங்கள் மகளுக்கு உடுத்திவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்துக்கு 40 பிராங் வேண்டும் என்கிறது அடுத்த கடிதம். அது பொய். ஃபன்ரீன் தனது இரண்டு முன்பற்களையும் விற்று 40 பிராங் அனுப்புகிறாள். பிறகு தன் முகம் பார்க்கும் கண்ணாடியை யன்னலால் எறிந்துவிடுகிறாள். அதன் பின் 100 பிராங் கேட்டுக் கடிதம் வருகிறது. விற்பதற்கு அவளிடம் அவளைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

ஒரே வகை நிகழ்வு மூன்று முறை நடந்து, ஒவ்வொரு முறையும் விலை கூடிக்கொண்டு போவது கதைசொல்லலின் பழைய உத்தி. நமது நாட்டார் கதைகளிலும் ராசா மூன்று முறை சோதிப்பார். ஆனால் அங்கே மூன்றாம் முறை விடிவு வரும். இங்கே மூன்றாம் முறை படுகுழி. இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபன்ரீன் முதன்முதலில் அறிமுகமாகும் இடத்திலேயே அவளது கூந்தலைப் பொன்னாகவும் பற்களை முத்தாகவும் வர்ணித்து, அவைதான் அவளது சீதனம் என்ற கருத்தை ஹியூகோ விளையாட்டாகச் சொல்லி வைக்கிறார். வாசிக்கும்போது அழகிய உவமை என்று கடந்துபோகிறோம். பல அத்தியாயங்களின் பின் அந்த உவமை நிசமாகிறது. பொன்னும் முத்தும் சந்தைக்குப் போகின்றன. சீதன நகையை அடைவு வைத்து, மீட்க முடியாமல் ஏலத்தில் இழந்த ஒரு பெண்ணுக்கு இந்த இடம் எப்படிச் சுடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர் வாய்

ஃபன்ரீனுக்கு வேலை போனது ஏன்? அவளுக்கு எழுதத் தெரியாது. மகளுக்காக அனுப்பும் கடிதங்களைக் கூலிக்குக் கடிதம் எழுதும் ஒரு கிழவரிடம் எழுதுவிக்கிறாள். அவருக்குக் குடிக்கக் கொடுத்தால் எல்லா இரகசியமும் வெளியே வந்துவிடும். விக்ற்யூர்னியன் என்ற 56 வயதுச் சீமாட்டி விலாசத்தை அறிந்து, 35 பிராங் செலவழித்து மொன்பெர்மே வரை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறாள். தொழிற்சாலைப் பெண்கள் பகுதியின் மேற்பார்வையாளர், ஒழுக்கம் கெட்டவள் என்று கூறி ஃபன்ரீனின் கையில் 50 பிராங்கைக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்.

இந்த 35 பிராங்கை 7 பிராங்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையை ஐந்து மாதம் வளர்க்கக்கூடிய பணம், அந்தப் பிள்ளையின் தாயைக் காட்டிக்கொடுப்பதற்குச் செலவாகியிருக்கிறது. ஹியூகோ இதைக் கூட்டிக் கழித்துக் காட்டவில்லை. இரண்டு தொகையையும் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். சொல்லாமல் விடுவதும் ஓர் உத்திதான்.

அதைவிடப் பெரிய முரண் ஒன்றும் உண்டு. அந்தத் தொழிற்சாலை நம் வல்ழானுடையது. ஆயரின் இரக்கத்தால் மனம் மாறி, மதலேன் என்ற புதுப் பெயரோடு கருமணித் தொழிலில் முன்னேறி, ஊருக்கு வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் கட்டி, நகரபிதாவாகவும் ஆன நல்லவர் அவர். பெண்களின் மானம் காக்கவென்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பட்டறை வைத்தவரும் அவரே. அந்த நல்ல ஏற்பாட்டின் பெயராலேயே ஒரு தாய் தெருவுக்கு வருகிறாள். அவருக்கோ அது தெரியவே தெரியாது. கெட்டவர்கள் மட்டுமே அநீதி செய்வார்கள் என்றால் உலகத்தைத் திருத்துவது இலகு. நல்லவர் ஒருவரின் நல்ல சட்டத்துக்குக் கீழேயும் அநீதி நடக்கும் என்று காட்டியதே இந்நாவலின் பலம். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் என் போன்றவர்கள் இந்தப் பகுதியை வருடத்துக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.

கடிதம் எழுதிய அந்தக் கிழவரையும் நான் மறப்பதில்லை. எழுதத் தெரியாத பெண்ணின் வாழ்க்கையை இன்னொருவர் எழுதும்போது, அந்தப் பெண்ணின் தலைவிதியில் பாதி எழுதுபவரின் நாக்கில் இருக்கிறது. படிவம் நிரப்புபவரும் விபரம் திரட்டுபவரும் இன்று அதே கதிரையில்தான் இருக்கிறார்கள். உங்கள் விபரத்தை எழுதிக்கொள்ளும் எவரிடமும் “இதை யார் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு விவாதம்

எங்கள் தையல் நிலையத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசிப்பு வட்டத்தில் இக்கதையைச் சொன்னேன். முன்பின் தெரியாதவர்களிடம் பிள்ளையைக் கொடுத்தது பிழை என்றார் ஓர் அம்மா. சண்டைக்காலத்தில் பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு வந்த இன்னொருவர், “கொடுத்தவளுக்குத்தான் அது தெரியும்” என்று மட்டும் சொன்னார். பிறகு இளம் பெண்ணொருத்தி கேட்டாள்: “அக்கா, ஃபன்ரீன் இவ்வளவு நல்லவளாக இல்லாவிட்டால் நாங்கள் அவளுக்காக அழுவோமா?”

இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் பல்கலைக்கழக வகுப்பிலும் கேட்டதில்லை. ஹியூகோ ஃபன்ரீனை அடக்கமானவளாக, ஒருவனையே காதலித்தவளாக, மகளுக்காகவே சீவிப்பவளாகப் படைக்கிறார். அவள் வீழ்ந்தாலும் அவளது மனம் வெள்ளையாக இருக்கிறது. வாசகரின் இரக்கத்தைப் பெறுவதற்கு இது வலிமையான உத்தி. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மாசற்றவளுக்கு மட்டுமே நீதி என்ற எண்ணத்தை அது மெல்ல நமக்குள் விதைத்துவிடும். வாய்க்காரி, கோபக்காரி, மறுமணம் செய்தவள், பொட்டு வைத்துக்கொள்ளும் விதவை ஆகியோர் உதவிப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்படுவதை நான் கண்டிருக்கிறேன். பசிக்கு நடத்தைச் சான்றிதழ் தேவையில்லை.

ஆனாலும் ஹியூகோவுக்கு இது முற்றிலும் தெரியாமலில்லை என்றே நினைக்கிறேன். நாவலில் பமத்தபுவா என்ற செல்வந்தன் ஃபன்ரீனின் முதுகில் பனியைத் திணிக்கிறான். அவள் பாய்ந்து பிறாண்டுகிறாள், தூசணம் பேசுகிறாள். ஜாவர் அவளுக்கு ஆறு மாதச் சிறை என்கிறார். நகரபிதா வந்து விடுவிக்க முயலும்போது, தன்னை வேலையிலிருந்து நீக்கியவர் இவர்தான் என்றெண்ணி அவர் முகத்திலேயே துப்புகிறாள். அப்போதும் அவர் அவளை விடுவிக்கிறார். நன்றி சொல்லாதவளுக்கும் நீதி உண்டு என்பதை அந்த எச்சில் சொல்கிறது.

அந்தப் பமத்தபுவா என்ன ஆனான்? பின்னர் அப்பிள் கிளையொன்றைத் திருடியதாகப் பிடிபட்ட சம்மத்தியே என்ற ஏழைக் கிழவனை, தேடப்படும் வல்ழான் இவன்தான் என்று தவறாக விசாரிக்கிறது அராஸ் நகர நீதிமன்றம். அங்கே நியாயம் சொல்ல உட்கார்ந்திருக்கும் ஜூரிகளில் ஒருவன் பமத்தபுவா. ஹியூகோ ஒரு வரியில் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். தெருவில் பெண்ணை வதைத்தவன் மன்றத்தில் நீதிமானாக இருக்கிறான். இத்தகைய முரண்களைத்தான் இலக்கியத்தில் அங்கதம் என்பர். சிரிப்பு வராத அங்கதம் இது.

பெயரும் எண்ணும்

சிறையில் வல்ழானுக்குப் பெயரில்லை, அவர் 24601. அந்தக் கிழவனைக் காப்பாற்ற நீதிமன்றத்தில் தானே எழுந்து உண்மையைச் சொல்லி, மறுபடி சிறைக்குப் போகும்போது 9430. ஃபன்ரீனுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கொசெத்தை ஊரார் ‘வானம்பாடி’ என்று அழைக்கிறார்கள். விடியுமுன் எழும்பி வீதியைக் கூட்டுவதால் வந்த பட்டப்பெயர். ஆனால் இந்த வானம்பாடி ஒருபோதும் பாடுவதில்லை.

அந்தப் பிள்ளையின் துயரத்தையும் ஹியூகோ பொருள்களைக் கொண்டே சொல்கிறார். பொம்மை இல்லாததால் சின்னஞ்சிறு ஈய வாள் ஒன்றைத் துணியால் சுற்றிப் பிள்ளையாகத் தாலாட்டுகிறாள். 1823ஆம் ஆண்டு நத்தார் இரவில் எட்டு வயதுக் கொசெத் காட்டுக்குள் இருக்கும் ஊற்றுக்குத் தண்ணீர் அள்ள அனுப்பப்படுகிறாள். பயத்தைப் போக்க ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுகிறாள். நிரம்பிய வாளியைத் தூக்க முடியாமல் பத்தடிக்கு ஒருமுறை இளைப்பாறுகிறாள். திடீரென்று வாளியின் பாரம் இல்லாமல் போகிறது. ஒரு பெரிய கை அதைப் பிடித்திருக்கிறது. வல்ழான் வந்துவிட்டார் என்று ஹியூகோ முதலில் சொல்லவில்லை. பிள்ளையின் கை உணர்ந்த வரிசையிலேயே நாமும் உணர்கிறோம்: முதலில் பாரம் குறைகிறது, பிறகுதான் ஆள் தெரிகிறார். உதவி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை. யார் உதவினார் என்ற பெயர்ப்பலகை பிறகு வரலாம். முதலில் வாளி பாரம் குறைய வேண்டும்.

மெழுகுதிரித் தண்டுகள்

கதை முழுவதும் கூடவே வரும் பொருள் ஆயரின் வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள். தனக்குச் சோறும் படுக்கையும் தந்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களை வல்ழான் திருடிக்கொண்டு ஓடுகிறார். காவலர் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். ஆயரோ, பாத்திரங்களைத் தானே கொடுத்ததாகவும், கூடவே கொடுத்த தண்டுகளை ஏன் விட்டுச் சென்றாய் என்றும் கேட்டு, அவற்றையும் கையில் கொடுத்து அனுப்புகிறார். பாணுக்கு 19 வருடம் வாங்கிய சட்டத்தின் கணக்கு இங்கே முதன்முறையாகப் பிழைக்கிறது.

ஆயர் சொன்னது பொய்தானே? ஆம். பின்னொரு நாள், வாழ்நாளில் பொய்யே சொல்லாதவர் என்று பெயரெடுத்த கன்னியாஸ்திரி சாம்ப்லீஸ், வல்ழானைத் தேடிவரும் ஜாவரிடம் அடுத்தடுத்து இரண்டு பொய் சொல்லி அவரைத் தப்ப வைக்கிறார். ஒத்த நிகழ்வுகளை இப்படித் தூரத்தூர வைத்து ஒன்றையொன்று பேச வைப்பது இந்நாவலின் முக்கிய உத்தியாகும். உண்மை பேசும் சட்டம் மனிதரைக் கொல்லும் இடத்தில், பொய் பேசும் இரக்கம் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற கேள்வியை ஹியூகோ நம்மிடமே விட்டுவிடுகிறார்.

ஜாவர் கெட்டவர் அல்லர். சிறைச்சாலையில் பிறந்தவர், இலஞ்சம் வாங்காதவர், சட்டப்புத்தகத்தை மட்டும் நம்பியவர். 1832இல் வல்ழான் தன் உயிரைக் காப்பாற்றிய பின், அவரைக் கைது செய்யவும் முடியாமல், விடவும் முடியாமல் சேன் நதியில் குதித்து இறந்துபோகிறார். இறப்பதற்கு முன் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுகிறார். அதில் காதலோ கண்ணீரோ இல்லை. விசாரணை முடிந்து வரும் கைதிகளைக் கல் தரையில் வெறுங்காலோடு நிறுத்துவதால் இருமல் வருகிறது என்றும், நெசவுப் பட்டறையில் ஒரு நூல் பிசகினால் கைதியிடம் 10 சூ கழிப்பது ஒப்பந்தக்காரரின் முறைகேடு என்றும் எழுதுகிறார். சிறை ஒப்பந்தக்காரனால்தான் ஃபன்ரீனின் கூலி 9 சூவாக விழுந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் வாசகருக்கு, இந்த உணர்ச்சியற்ற வரிகள் ஓர் ஒப்பாரிக்குச் சமம். வாழ்நாள் முழுவதும் கைதிகளைப் பார்த்தவர், கடைசி இரவில்தான் அவர்களது பாதங்களைப் பார்த்திருக்கிறார்.

1833இல் வல்ழான் இறக்கும்போது அறையில் எரிவது அதே இரண்டு தண்டுகளின் மெழுகுதிரிகள். அவருடைய கல்லறையில் பெயர் இல்லை. யாரோ பென்சிலால் எழுதிய நான்கு வரிகளும் மழையில் அழிந்துபோகின்றன. ஃபன்ரீனோ பொதுக் குழியில் யார் யாருடனோ புதைக்கப்பட்டவள். பெயரில்லாத கல்லுக்கு முன்னால் நிற்பது என்னவென்று அறிந்தவர்கள் நம்மில் உண்டு. நிற்பதற்கு ஒரு கல்கூட இல்லாதவர்களும் உண்டு. அழிந்துபோன பெயர்களைச் சொல்வதற்காகவே ஹியூகோ இத்தனை நூறு பக்கங்களை எழுதினார் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லில் இல்லாதது கதையில் இருக்கிறது.

நூலகத்தில் ‘ஏழை படும் பாடு’ கிடைத்தால் எடுத்து வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்கள், பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே தையுங்கள். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கதைத்துப் பாருங்கள்: ஃபன்ரீன் வேலையிழந்ததற்கு யார் பொறுப்பு? ஆயர் பொய் சொன்னது சரியா? உங்கள் கதையை நீங்களே சொல்வதானால், எந்த இடத்திலிருந்து தொடங்குவீர்கள்? மூன்றாவது கேள்விக்கான விடையைக் கொப்பியொன்றில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். யாருக்கும் காட்டத் தேவையில்லை. எழுத்து இன்னும் கைவராதவர்கள், தாங்கள் நம்பும் ஒருவருக்குச் சொல்லுங்கள். தொடங்கும் இடத்தை மட்டும் நீங்களே தீர்மானியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.